பன்னிரண்டு பவுண்டு காற்று

ஆஸ்பத்திரி லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியதைப் பார்த்ததும் துப்பறியும் பத்ரிநாத்துக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் படுத்துவிடலாமா என்று இருந்தது. அவருக்கு வயது ஐம்பத்துநாலு. இடது முழங்காலுக்கு மட்டும் தனியாக எழுபது இருக்கும். புனேயில் ஜூலை மழை பிடித்து நாலு நாளாக விடவில்லை, அவருடைய காலுறையும் நாலு நாளாகக் காயவில்லை.

"மூணு மாடிதான் சார்," என்றாள் உதவியாளர் வைஜயந்தி. "நீங்க ஏறி முடிக்கறதுக்குள்ள அந்தப் பையனுக்குக் கால் கூடி அவனே கீழ இறங்கி வந்துடுவான்."

"வாயைக் கொஞ்சம் மூடிண்டு வரியா?"

"மூடிட்டா உங்களுக்குத் தூக்கம் வந்துடும். அப்புறம் உங்களையும் நான்தான் தூக்கிட்டுப் போகணும்."

பத்ரிநாத் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். இந்தக் கேஸை எடுத்ததே தப்போ என்று முதல் மாடியில் நினைத்தார். இரண்டாவது மாடியில் அது உறுதியாயிற்று.

கேஸ் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, கட்கி பஜாரில் இருக்கும் அவருடைய ஒற்றை அறை ஆபீசுக்கு எஸ்தர் என்ற அம்மாள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். அவளுடைய கணவர் ஆண்டனி, வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு டயர் பார்த்துக் கொடுக்கிறார். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் மலைச்சரிவுகளில் சேற்றில் வண்டி ஓட்டும் கிளப் அது. வாரம் முழுக்கக் கம்பெனி வண்டியில் ஏசியில் போகிறவர்களுக்கு ஒரு நாள் சேற்றில் புரளாவிட்டால் உடம்பு கேட்காது போலிருக்கிறது.

ஆண்டனி டயர் பார்ப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று கிளப்பில் எல்லாரும் சொன்னார்கள். சக்கரத்தைச் சுழல விட்டு, ஈரக் கையால் டயரின் பக்கவாட்டைத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத வெட்டு உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுமாம். பட்டன் டயர் என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்குமே, அந்தக் கட்டைகளின் ஓரம் மழுங்கியிருந்தால் அன்றைக்கு அந்த வண்டி மலை ஏறாது. இடுக்கிலிருக்கும் முள்ளை எடுப்பார். ஸ்போக்குக் கம்பிகளை ஸ்பூன் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அப்புறம்தான் காற்று. அதையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் அளந்துவிடுவார். சூடான டயர் மீட்டரில் கூடக் காட்டும்.

சேற்றுக்குப் பன்னிரண்டு பவுண்டு. காற்று குறைந்தால் டயர் பரந்து சேற்றைக் கவ்வும். வீடு திரும்பத் தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் இருபத்தாறு. பன்னிரண்டோடு தார் ரோட்டில் வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் இறங்கினால், ரிம் உள்ளிருக்கும் ட்யூபைக் கடித்துவிடும். அதற்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவன் கையில் இருக்காது.

இதில் மறதிக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஆண்டனி ஒரு வழி செய்திருந்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் வாசலில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்தால் தீப்பெட்டி. அதே முறையை டயருக்குக் கொண்டுவந்தார். காற்றை இறக்கியதும் ஓட்டுகிறவன் கையில் நம்பர் பொறித்த பித்தளை டோக்கன். திரும்பக் காற்று அடித்ததும் டோக்கனை வாங்கித் தன் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். டோக்கன் கையில் இருக்கிறவன் தார் ரோட்டில் ஏறக் கூடாது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் போன ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, மலை ரோட்டின் ஒரு வளைவில் கிட்டு என்ற பையன் விழுந்தான். முன் டயர் ட்யூபில் இரண்டு வெட்டு. வலது தொடை எலும்பு மூன்று இடத்தில் முறிவு. திங்கட்கிழமை போலீஸ் விசாரித்தபோது, ஆண்டனி தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார்.

"பின் சக்கரத்துக்குக் காத்து அடிச்சேன் சார். யாரோ கூப்ட்டாங்க. முன் சக்கரத்துக்கு மறந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கேஸ் அவர் மேல். அறுபத்தோரு வயது, மார்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷர். "அவரு மறக்கிற ஆளே இல்ல சார்," என்று எஸ்தர் அழுதாள். "எனக்குத் தெரியும். நீங்க கண்டுபுடிச்சு அவருக்கே சொல்லணும்."

இன்று வியாழக்கிழமை. மணி இரண்டு.

மூன்றாவது மாடியில் கிட்டு காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். இருபத்தாறு வயது, நாலு நாள் தாடி. பக்கத்தில் அவன் அம்மா ரமா, பாணேர் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்கும் தலையணையுமாக வந்து குடியேறியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை அங்கிள்," என்றான் கிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே. "டீ ஸ்டால் வரைக்கும் ஞாபகம் இருக்கு. தென்... அவ்வளவுதான், பிளாங்க்."

"ஆண்டனி காற்று அடிச்சாரா, இல்லையா?"

"ஞாபகம் இல்லை."

வைஜயந்தி மேஜை மேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒரு கீறல்கூட இல்லையே? கால்ல அடிபட்டா ஞாபகம் போயிடுமா? உன்னோட ஞாபகத்தை எல்லாம் தொடையிலயா வெச்சிருந்தே?"

கிட்டு கண்ணை மூடிக்கொண்டான். ரமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தையைப் போய் இப்படிக் கேக்கறேளே! அந்த ஆண்டனி செவ்வாக்கிழமை வந்து இவன் பக்கத்துல உக்காந்து அப்படி அழுதார். எனக்கே பாவமா போயிடுத்து. நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேள், போய் டீ குடிச்சுட்டு வாங்கோன்னு என்னை அனுப்பிட்டு, அவரே காவலுக்கு உக்காந்திருந்தார். அவர் மேல எனக்குக் கோபமே இல்லை."

"இவன் போட்டிருந்த உடுப்பு எங்கே?"

கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டியது, பிரித்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஜாக்கெட் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. பத்ரிநாத் மேல் பையில் கை விட்டார். ஊறிப்போன ஒரு கைக்குட்டை, சேறு அப்பிய சீப்பு, அப்புறம் பளபளவென்று ஒரு பித்தளை டோக்கன். நம்பர் ஏழு.

வைஜயந்தி உதட்டைப் பிதுக்கினாள். மாடிப்படியில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"முடிஞ்சுது சார். டோக்கன் பையன்கிட்ட இருக்குன்னா காத்து அடிக்கலைன்னு அர்த்தம். எஸ்தர் அம்மாவுக்கு யார் சொல்றது? நீங்க சொல்லுங்க, உங்க மூஞ்சி ஏற்கெனவே துக்கம் கேக்கப் போற மாதிரிதான் இருக்கு."

பத்ரிநாத் டோக்கனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வண்டியை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்."

"மழையிலயா?"

"மழை நம்மளைக் கேட்டுண்டா பெய்யறது?"

வைஜயந்தியின் கைனடிக் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது பத்ரிநாத்துக்கு மூன்று வருடமாகப் பழக்கம், ஆனாலும் மூன்று வருடமாகப் பயம். ஹிஞ்சேவாடிப் பக்கமிருந்து கம்பெனி வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் தகரக் கொட்டகையில், கிட்டுவின் வண்டி சுவரில் சாய்ந்துகிடந்தது.

முன் சக்கரத்தில் டயர் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்து வைத்திருந்த ட்யூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு. ரிம் கடித்தால் அப்படித்தான் விழும், காற்று குறைவாக இருந்திருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. டயர் கட்டைகளின் இடுக்கு முழுக்கச் சேறும் புல்லும்.

"அடிக்காம விட்ட டயர்னா சேறு இப்படித்தான் இருக்கும்," என்றாள் வைஜயந்தி. "ஆண்டனி காத்து அடிச்சாருன்னா முதல்ல கழுவியிருப்பாரே?"

"இல்லைன்னா, கழுவின பிறகு திரும்பவும் சேத்துல இறங்கியிருக்கணும். ரெண்டு கதைக்கும் இது பொருந்தும். நமக்குப் பிரயோஜனம் இல்லை." பத்ரிநாத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பின் சக்கரத்தை யாராவது பார்த்தாளா?"

"அது நல்லாத்தானே இருக்கு? எதுக்குப் பார்க்கணும்?"

"அதனாலதான் யாரும் பார்த்திருக்க மாட்டா. எதிர்த்தாப்பல பஞ்சர் கடை இருக்கு. மீட்டர் வாங்கிண்டு வா."

வைஜயந்தி முணுமுணுத்துக்கொண்டே போய், முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மீட்டரைப் பின் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"பதினொண்ணு," என்றாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "பதினொண்ணுதான் சார். ஓட்டை எதுவும் இல்லையே, காத்தும் போகலையே!"

"நாலு நாள்ல ஒரு பவுண்டு குறைஞ்சிருக்கும். பன்னிரண்டு. சேத்துக்கான காத்து."

"அப்போ பின் சக்கரத்துக்குக் காத்து அடிச்சேன்னு ஆண்டனி போலீஸ்ல சொன்னது..."

"பொய். முன் சக்கரம் வெடிச்சிருக்குன்னு கேள்விப்பட்டு, அதுக்கேத்த மாதிரி கட்டின கதை. முழு வண்டியையும் மறந்தேன்னா யாரும் நம்ப மாட்டா. நடுவுல யாரோ கூப்ட்டா, ஒரு சக்கரம் விட்டுப் போச்சுன்னா நம்புவா. நல்லாத்தான் யோசிச்சிருக்கார். பின் சக்கரம் உடையாம சாட்சி சொல்லும்னு மட்டும் யோசிக்கலை."

வைஜயந்தி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "குத்தம் பண்ணினவன் பண்ணலைன்னு சொல்றதைத்தான் நாம இத்தனை நாள் பார்த்திருக்கோம். பண்ணாதவன் பண்ணினேன்னு அடம் பிடிக்கறானே! இதுக்கு டபுள் ஃபீஸ் கேக்கணும் சார்."

"ஆனா டோக்கன் இவன் பையில இருக்கே?" பத்ரிநாத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுதான் இடித்தது. சேற்றில் ஊறிய ஜாக்கெட்டில், சேறு படாத டோக்கன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பித்தளை புதிதாகத் தேய்த்தது போல மின்னியது. ஏழு என்று பொறித்திருந்த பள்ளத்துக்குள் மட்டும் கருஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது.

"ரத்தமா சார்?"

"ரத்தம் இத்தனை நாள்ல கறுத்துப் போயிருக்கும்." மூக்கருகில் கொண்டுபோனார். புளிப்பு வாசனை, ரொம்ப லேசாக. "வா, கட்கிக்குப் போகலாம். எஸ்தர் அம்மா பாத்திரம் எதுல தேய்க்கறாள்னு கேக்கணும்."

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ கொலைகாரனைப் பிடிப்போம்னு சொன்னீங்க," என்றாள் வைஜயந்தி, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

ஆண்டனியின் வீடு கட்கியில் ஒரு பழைய வரிசை வீடு. முன்னறையும் சமையலறையும், நடுவில் ஒரு துணித் திரை. மணி நாலரை. முன்னறைக் கட்டிலில் ஆண்டனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு நாளாக அப்படியேதான் கிடக்கிறார் என்றாள் எஸ்தர். மகள் சாந்தகுமாரி வந்தவர்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். இருபத்துமூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பம்ப் பிடிக்கப் போகிறவள். செவ்வாயும் டீ கொடுத்தாள், புதனும் டீ கொடுத்தாள், இன்றும் டீயை வைத்துவிட்டுத் திரையோரம் நின்றாள்.

"அந்த டோக்கன் டப்பா எங்கம்மா?" என்று கேட்டார் பத்ரிநாத்.

எஸ்தர் எடுத்து வந்து பாயில் கொட்டினாள். பதினோரு டோக்கன்கள். வைஜயந்தி ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றின் எண்ணிலும் அதே கருஞ்சிவப்பு.

"இதை யார் தேய்ச்சா? எதுல தேய்ச்சா?"

"நான்தான் சார் தேய்ப்பேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் இவரு சேத்தோட கொண்டாந்து போட்டாருன்னா, பாத்திரத்தோட சேத்து தேச்சிடுவேன். புளி போட்டுத்தான்." எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். "இந்தத் தடவை புளி தீந்துபோச்சு. பக்கத்து வூட்டு மராத்திக்கார அம்மா, ஷிந்தே காகுகிட்ட கேட்டேன். அவங்க வூட்ல ஏது புளி? ஆம்சூல் குடுத்தாங்க. அத ஊற வெச்சித் தேச்சேன். அது சிவப்பு, எழுத்துல பூந்துகிச்சி, போகவேயில்ல."

ஆம்சூல் என்றால் மராத்தி வீடுகளில் புளிப்புக்காகப் போடுகிற, நம் குடம்புளிக்கு உறவான ஒரு காய்ந்த பழத்தோல். தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாக ஊறும்.

"அப்போ மணி என்ன இருக்கும்?"

"அஞ்சு. இவரு நாலரைக்கு டெம்போல வந்து டப்பாவ வெச்சிட்டு சர்ச்சுல பூசைக்குப் போனாரு. அதுக்கப்புறம்தான்."

"எண்ணிப் பார்த்தேளா?"

"இல்ல சார். தேச்சி ஜன்னல்ல காய வெச்சேன்."

வைஜயந்தி அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள். "காகு சத்தியம் பண்றாங்க சார். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி, டிவில அவங்க சீரியல் ஆரம்பிக்கற நேரம், எஸ்தர் வந்து ஆம்சூல் கேட்டாங்களாம். முதல் சீனே பார்க்க முடியலையாம். இன்னும் கோபம் தீரலை."

பத்ரிநாத் கைக்குட்டையைப் பிரித்து ஏழாம் நம்பரை மற்ற பதினொன்றோடு சேர்த்து வைத்தார். பன்னிரண்டும் ஒரே சிவப்பு.

"எஸ்தர் அம்மா, இந்த டோக்கன் கிட்டுவோட ஜாக்கெட்டுல இருந்தது. அவன் விழுந்தது அஞ்சரைக்கு. ஆனா அஞ்சு மணிக்கு இது உங்க சமையல்கட்டுல ஆம்சூல்ல ஊறிண்டிருந்திருக்கு. அப்படின்னா கிட்டு இதைத் திருப்பிக் கொடுத்துட்டான். காத்து அடிச்சாச்சு. உங்க வீட்டுக்காரர் எதையும் மறக்கலை."

எஸ்தர் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "கேட்டீங்களா? நான் சொல்லல? நான் சொல்லல?" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். நாலு நாளாகப் பயந்து செத்தவளுக்கு உயிர் திரும்பி வந்தது. பத்ரிநாத்துக்கு இந்த இடத்தோடு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. இதுவரைக்கும்தான் நல்ல சேதி.

கட்டிலில் ஆண்டனி திரும்பவில்லை. ஆனால் அவர் முதுகு விறைத்துவிட்டது.

"நான் மறந்துட்டேன்," என்றார் சுவரைப் பார்த்தே. "போலீஸ்லயும் சொல்லிட்டேன். அத்தோட வுடுங்க."

"ஜன்னல்ல காய்ஞ்சதை எடுத்துண்டு செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனது நீங்கதான்," என்றார் பத்ரிநாத். குரலில் கோபமே இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஏழாம் நம்பர் எங்கேன்னு போலீஸ் கேட்டிருக்கும். பையன்கிட்டயே இருக்கும்னு சொல்லியிருப்பேள். சொன்னதை உண்மையாக்க ரமா மாமியை டீ குடிக்க அனுப்பிட்டு, பையைப் பிரிச்சு ஜாக்கெட்டுல போட்டுத் திரும்பக் கட்டிட்டேள். புளி தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியாது. ஒரு மனுஷன் தன் மேலயே பழியைப் போட்டுக்க இத்தனை பாடுபடறான்னா, வேற யாருக்காக?"

பத்ரிநாத் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"எஸ்தர் அம்மா, ஆம்சூல் வாங்க நீங்களே எதுக்குப் போனேள்? பொண்ணை அனுப்பலையா?"

"அவ எங்க சார் இருந்தா? எட்டு மணிக்குத்தான் பஸ்ல வந்தா. முட்டி வரைக்கும் சேறு. அந்த சல்வாரு இன்னும் ஊறுது..." எஸ்தர் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட, பொண்ணு தன்னோட டெம்போலயே நாலரைக்கு வந்துட்டாள்னு சொன்னார்."

வைஜயந்தி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "சார்," என்றாள் தாழ்ந்த குரலில், "மூணு நாளா இந்தப் பொண்ணு கையால டீ குடிக்கறோம். ஒரு கேள்விகூட நாம இவளைக் கேக்கலை."

பத்ரிநாத்துக்குச் சுரீரென்றது. கிளப்பில் பதினோரு பேரைக் கேட்டிருந்தார். டீ ஸ்டால்காரனைக் கேட்டிருந்தார். பஞ்சர் கடைக்காரனிடம்கூட மீட்டர் வாங்கியாயிற்று. தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

"சாந்தா," என்று திரும்பினார். "காத்தை இறக்கினது யாரும்மா?"

"நான்தான் சார்," என்றாள் சாந்தகுமாரி. இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அடியே!" ஆண்டனி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா சொன்னேன் உனக்கு? பைபிள் மேல கை வெச்சி சத்தியம் பண்ணல?"

"நானாப் போயி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க. நானாப் போவல. கேட்டாரு, சொன்னேன். யாராச்சும் கேப்பாங்களான்னு மூணு நாளா டீ போட்டுக் குடுத்துகினு நிக்கறேன்." அவள் அப்பாவைப் பார்த்தே சொன்னாள். "நீங்க பூசைக்கு நேரமாச்சுன்னு டெம்போல கெளம்பினப்புறம், இன்னொரு ரவுண்டு மேல போலாம்னு நான்தான் கிட்டுவ கூப்ட்டேன். நீங்க கழுவி வெச்ச டயரு, ரெண்டுலயும் நான்தான் காத்த இறக்கினேன். பன்னெண்டுக்கு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கரெக்டா. கீழ வந்தா பம்ப்பு இல்ல."

"பம்ப்பை யார் எடுத்துண்டு போனா?" என்றாள் வைஜயந்தி.

"நான்," என்றார் ஆண்டனி. "கடைசி வண்டி போற வரைக்கும் பம்ப்பு அங்கதான் இருக்கணும். என் ரூலு. அன்னிக்கு மழைக்குப் பயந்து எடுத்தாந்துட்டேன்."

"ரெண்டு பேரு ஒக்காந்தா இந்தக் காத்துல டயரு தாங்காதுன்னு கிட்டு என்ன பஸ்ல ஏத்திவுட்டான்," என்றாள் சாந்தகுமாரி. "மெதுவா உருட்டிகினு போறேன்னான். நான் சரின்னேன். எனக்குத் தெரியும் சார், தப்புன்னு. அவனுக்கும் தெரியும்."

எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்திருந்தார். "உங்கள நான்தானே சார் கூட்டியாந்தேன்," என்றாள் பத்ரிநாத்திடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆண்டனி மகளைப் பார்த்துக் கை கூப்பினார். அப்பா பெண்ணைக் கும்பிடுவதைப் பார்க்கப் பத்ரிநாத்துக்குச் சகிக்கவில்லை. "உனக்கு இருவத்திமூணு வயசும்மா. போலீசு கேசுன்னா எவன் வேல குடுப்பான், எவன் கட்டிக்குவான்? எனக்கு இன்னா, கெழவன் மறந்துட்டான்னு ஊரு நம்பும். அந்தப் பையனும் உனக்காகத்தான் ஞாபகமில்லன்னு சொல்றான். வுட்டுடு. சாரு, நீங்களும் வுட்டுடுங்க."

சாந்தகுமாரி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவன் ஞாபகமில்லன்னு சொல்லிட்டுப் படுத்துகினு கெடக்கறான். நீங்க மறந்துட்டேன்னு சொல்லிட்டுச் சொவத்தப் பாத்துகினு கெடக்கறீங்க. எனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்குதேப்பா. அத வெச்சிகினு நான் இன்னா பண்றது? சொல்லுங்க, இன்னா பண்றது?"

கேட்டுவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். நாலு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆண்டனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டிலை விட்டு இறங்கி, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். எஸ்தர் எழுந்து வந்து பித்தானைப் போட்டுவிட்டாள்.

"காலைல பத்து மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்கா?" என்றார் பத்ரிநாத்.

"இன்னிக்கே போறோம் சார்," என்றார் ஆண்டனி. மகளின் தோளில் கை வைத்தார். "நீ செஞ்சத நீ சொல்லு. பம்ப்ப எடுத்தாந்தது நான்னு நான் சொல்றேன். எது எவ்ளோன்னு அவங்க எழுதிக்கட்டும்."

அப்பாவும் பெண்ணும் ஒரே குடையில் மழைக்குள் இறங்கினார்கள். பத்ரிநாத்தும் வைஜயந்தியும் வெளியே வந்ததும் எஸ்தர் கதவைப் பூட்டிவிட்டு, செருப்புகூடப் போடாமல் அவர்கள் பின்னால் ஓடினாள்.